பானுவுக்குத் தேர்ந்தெடுத்த போன்

கைக்கு அடக்கமான போன் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் பெரிய போனைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். முத்தையாபுரம் மெயின் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். சின்னதைக் கையில் கொடுத்துவிட்டுப் பெரியதைப் பக்கத்தில் வைத்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கண் தானாக அங்கே போகும்.

என் தங்கை பானுப்ரியாவின் கண் போகவில்லை. அவளுக்குப் பெரியதை நான்தான் கொடுத்தேன். ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் காசிலிங்கம் என்றீர்கள் மேடம். ஆரம்பம் அதுதான்.

அவளுடைய பழைய போனை அவள் கணவன் செந்தில்முருகன் சுவரில் அடித்து உடைத்திருந்தான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது யாருடனோ சிரித்துப் பேசினாளாம். பேசியது அடுத்த தெரு விஜிலாவுடன். சரக்குக் கப்பலில் சமையல் வேலை அவனுக்கு. வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். மீதி நாள் வீட்டில் இருந்து எதையாவது உடைப்பான். அந்த வாரம் போன். அதற்கு முந்தைய வாரம் அவளுடைய மணிக்கட்டு.

எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவளை வளர்த்தது நான். கட்டிக் கொடுத்ததும் நான்தான். மாப்பிள்ளை நல்ல பையன் என்று ஓட்டப்பிடாரத்துத் தரகர் சொன்னதை நம்பினேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் நன்றாக இருக்கிறாளா என்று பார்ப்பதிலேயே காலம் போய்விட்டது.

அடுத்த கப்பல் ஏறுவதற்குச் சில நாள் முன்பு இருவரும் கடைக்கு வந்தார்கள். கண்ணாடி மேசைமேல் இரண்டு போன்களை எடுத்து வைத்தேன்.

சின்னது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நல்ல வேகம். கீபோர்டில் எழுத்துகள் நெருக்கமாக இருக்கும். ஆனால் பழகிய விரலுக்கு அது ஒரு பொருட்டில்லை. பானு பி.காம் படித்தவள். டைப்பிங் தேறியவள். எடுத்த எடுப்பில் கட்டைவிரலாலேயே ஒரு முழு வரியை அடித்துக் காட்டினாள். பெரியதில் திரை அகலம், ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை பருமன். உள்ளே சரக்கு மட்டும் பழசு. நாலு படம் பிடித்தால் மூச்சு வாங்கும். வீடியோ கால் வந்தால் முகம் அப்படியே உறைந்து நிற்கும்.

"இது வேண்டாண்ணே. தோசைக்கல்லத் தூக்கிக் காதுல வச்ச மாதிரி இருக்கு" என்றாள் பானு.

செந்தில்முருகன் சிரித்தான். "ஏளா, அண்ணன் குடுக்கத வாங்கிக்கோ. ஒனக்கு எதுக்கு ஸ்பீடு? நீ என்ன கப்பலா ஓட்டப் போற?"

"நீங்க மட்டும் ஓட்டுதியளாக்கும்? அங்கன போயிச் சோறுதான பொங்குதிய."

ரீசார்ஜ் செய்ய வந்து நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்குப் போனதும் அந்தச் சிரிப்புக்கு அவள் என்ன வாங்குவாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருந்தும் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அவள் வாய் அப்படி.

"நீங்க சொல்லுங்க மச்சான். எது நல்லது?" என்று கேட்டான்.

"பெருசு. எழுத்து தெளிவாத் தெரியும். கண்ணு கெடாது."

"என் கண்ணுக்கு என்னண்ணே கேடு? சின்னதுன்னா கைப்பையில போட்டுக்கிடலாம். வெளிய தெருவ போனா வந்தா..."

"வெளிய எங்க போற நீ?"

அப்படிக் கேட்டது நான்தான். தவறாக ஒன்றும் கேட்கவில்லை. அவள் எங்கும் போவதில்லை.

அதன் பிறகு செந்தில்முருகன் கிளம்பிப் போனான். கப்பல்காரர்களின் வீட்டில் போன் எப்படி ஒலிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கடலில் நெட் வரும், போகும். வரும் நேரம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்து விழும். குரல் வராது. முகம் வராது. பெண்கள் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாளை ஓட்டுவார்கள்.

பானுவுக்கு அந்தத் தடவை நல்ல வரிகளாக வந்தன. சாப்பிட்டியா என்று வந்தது. மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது என்று வந்தது. உன்னை அடித்தது தப்பு என்றுகூட ஒரு நாள் வந்தது. அன்று அவள் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"பாருண்ணே. கடல்ல போயி மனுசனாயிட்டாரு."

"நல்லதுதான" என்றேன்.

"குரல ஒரு தடவ கேக்கணும் போல இருக்கு. வீடியோவுல கூப்பிட்டா இந்தச் சனியன் நிக்கமாட்டேங்கு. ஒரு நிமிசம் இருட்டாத் தெரியுது, அந்தாக்கில அறுந்து போவுது. நான் அப்பமே சின்னதுதான் வேணும்னு சொன்னேன்லா?"

போனை வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்துக் கொடுத்தேன். பாவம், அது அந்தப் போனின் குற்றம் இல்லை. அவள் கூப்பிடும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்தில் அழைப்பை எடுத்து, கேமராவைக் கட்டைவிரலால் மூடி, மறு நொடியே துண்டித்தது நான். அந்த வரிகளை எழுதியதும் நான்தான். கடைக்குப் பின்னால் சர்வீஸ் செய்கிற அறையில் செந்தில்முருகனின் போனை வைத்திருந்தேன். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் எழுதுவேன்.

நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்.

அதில் தப்பு இருந்ததாக எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் முகம் தெளிந்தது. உடம்பு தேறியது. வீட்டுச் செலவுக்கு அவன் அனுப்பியதாக என் கையிலிருந்து கொடுத்தேன், குறை வைக்கவில்லை. இந்த ஊரில் எத்தனை கப்பல்காரன் பெண்டாட்டிக்கு அப்படிப்பட்ட புருஷன் இருக்கிறான் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அன்பாகப் பேசினால் பெண்களுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. விஜிலா துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்கிறவள். அங்கே கம்ப்யூட்டரில் பில் அடிக்க ஆள் வேண்டும், நீ வா என்று பானுவைக் கூப்பிட்டிருக்கிறாள். பானு என்னிடம் கேட்கவில்லை. புருஷனிடம் கேட்டாள். 'போகட்டுமா? நீங்க இப்பம் நல்லாப் பேசுதீங்க, அதான் கேக்கேன்' என்று எழுதியிருந்தாள்.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். துறைமுக ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் எப்படிப் போகின்றன என்று பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. ஆபீசில் நாலு ஆண்கள் இருப்பார்கள். வேண்டாம் என்று எழுதினேன். கோபமாக எழுதவில்லை.

அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் வேண்டாம் என்றேன். விஜிலாவுடன் பழக வேண்டாம் என்றும் எழுதினேன். வீட்டில்தான் இருக்கிறாளா என்று தெரிய வேண்டும் அல்லவா, அதனால் அடுப்பைப் படம் எடுத்து அனுப்பு, வாசலைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டேன். கொஞ்ச நாள் அனுப்பினாள். அந்தப் போனில் படம் ஒவ்வொன்றும் போய்ச் சேர நேரம் ஆகும். அதுவரை அவள் அந்த இடத்தைவிட்டு நகராமல் நிற்பாள் என்று எனக்கு ஒரு நிம்மதி.

ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"எண்ணே, எனக்கு இவரு வேண்டாம்."

"என்னளா பேசுத?"

"இடையில ஒரு மனுசன் வந்தாம்லா, நல்லாப் பேசுனான்லா, அவன் எங்கிட்டோ போயிட்டான். பழைய ஆளு திரும்பி வந்துட்டாரு. கடல்ல இருக்கும்போதே இப்படிக் கழுத்த நெரிக்காரு, கரைக்கு வந்தா என்ன விட்டு வைப்பாரா? நான் விஜிலாக்கா கூட வேலைக்குப் போறேன். அவரு வந்ததும் அத்து விட்டுருதேன். நீ குறுக்க நிக்காத."

"சரிம்மா. ஒன் இஷ்டம்" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் பின் அறைக்குப் போனேன். அவனுடைய போனை எடுத்தேன். நான் சொந்தமாக எதையும் எழுதவில்லை மேடம், அதைக் கவனிக்க வேண்டும். அவன் அவளிடம் எப்போதும் சொல்கிற வாக்கியத்தைத்தான் எழுதினேன். 'வாசப்படிய தாண்டுன, உசுரோட இருக்கமாட்டே. கப்பல்ல இருந்தாலும் ஆள் வச்சு முடிப்பேன்.' அவளை வீட்டுக்குள் இருத்த வேறு வழி தெரியவில்லை. பயம் இருந்தால் ஆபத்துக்குப் போக மாட்டாள். குழந்தையிடம் பூச்சாண்டி என்று சொல்வதில்லையா?

அவள் நேராக என்னிடம் ஓடி வருவாள் என்று கடையில் காத்திருந்தேன். வரவில்லை. விஜிலாவைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள். கூடப் பிறந்தவன் இருக்கும்போது ஸ்டேஷன் படி ஏறியது எனக்கு வருத்தம்தான். கப்பலுக்குப் போனவனின் நம்பர் எங்கே இருக்கிறது என்று எந்த மனைவியும் தேட மாட்டாள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் தேடினீர்கள். அது முத்தையாபுரத்தைவிட்டு நகரவே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இனி நீங்கள் செந்தில்முருகன் எங்கே என்று கேட்பீர்கள்.

வெளியூர்த் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டியவன். ரயிலுக்கு அவனை என் வேனில்தான் கூட்டிப் போனேன். நேர் ரோட்டில் லாரி நெரிசல் என்று சொல்லி உப்பளப் பாதையில் திருப்பினேன். உச்சி வெயில். உப்பளத்தில் விடியலில் இறங்குகிற ஆட்கள் வெயில் ஏறுவதற்குள் கரை ஏறிவிடுவார்கள். அந்த நேரத்தில் அங்கே ஒரு காக்கைகூட இருக்காது. கைவிட்டுப்போன பாத்தி ஒன்றின் ஓரத்தில் உப்புத் தண்ணீர் இறைக்கிற பழைய கிணறு இருக்கிறது. சிகரெட் பிடிக்க வேண்டும் என்றான். நிறுத்தினேன். சார்ஜில் கிடந்த போனை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கினான். கிணற்றுத் திட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான்.

"மச்சான், நான் வாரதுக்குள்ள அவ வாயக் கொஞ்சம் கட்டி வைங்க. அன்னைக்குக் கடையில வச்சு நாலு பேரு முன்னால சோறு பொங்குதேன்னு சொல்லுதா. ராத்திரி குடுத்தேன், இருந்தும் அடங்கல பாத்துக்கிடுங்க."

"சரி மாப்ள" என்றேன். பிறகு தள்ளினேன்.

கிணற்றின் சுவர் வழுக்கல். பிடிக்க ஒன்றும் கிடையாது. முதலில் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டான். பிறகு மச்சான் என்றான். கடைசியில் அண்ணாச்சி என்றான். மரியாதை ஏறிக்கொண்டே போனது. நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவனுடைய போன் ஒலித்தது. பானுவிடமிருந்து செய்தி. 'ரயில் ஏறியாச்சா?' என்று கேட்டிருந்தாள். ரிப்பேருக்கு வரும்போதெல்லாம் போன் பூட்டைத் திறக்க அவன் திரையில் விரலால் போடுகிற கோலத்தைப் பார்த்திருக்கிறேன். அதையே போட்டுத் திறந்தேன். 'ஏறிட்டேன். நீ சாப்பிட்டியா?' என்று எழுதினேன். அவன் அவளிடம் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. கிணற்றுக்குள்ளிருந்து இன்னும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

சத்தம் நின்ற பிறகு, கரையில் கிடந்த கல்லையும் சகதியையும் உள்ளே தள்ளி மூடினேன். கப்பல் ஏஜென்டுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன். அவருக்கு வேறு சமையல்காரன் கிடைத்துவிட்டான். இடத்தை நானே வந்து காட்டுகிறேன்.

அன்று காலைவரை எனக்கு அப்படி ஒரு நினைப்பே கிடையாது. வெயிலும் அவன் பேச்சும் சேர்ந்து அப்படி ஆகிவிட்டது. பிறகு எதற்காக அதற்குச் சில நாள் முன்பே வீடியோ கால் நிற்காத போனாகப் பார்த்து அவளுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். பதில் தெரியவில்லை. வியாபாரிக்குச் சில நேரம் புத்திக்கு முன்னால் கை போய்விடும்.

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அவனைப்போல் அவள்மேல் நான் ஒரு நாளும் கைநீட்டியது இல்லை. நான் செய்ததெல்லாம் அவளை அவனிடமிருந்து காப்பாற்றத்தான்.

அவள் வெளியே பெஞ்சில் இருக்கிறாள் என்று ஏட்டம்மா சொன்னார். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றும் சொன்னார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். நான் சொன்னால் கேட்க மாட்டாள், பிடிவாதக்காரி. உங்கள் மேசைமேல் இருக்கிற அவனுடைய போனை ஒரு நிமிஷம் கொடுங்கள் மேடம். ஒரே ஒரு வரி எழுதித் தருகிறேன். புருஷன் சொன்னால் சாப்பிடுவாள்.