செம்பனைக்குள் ஒரு பாதை

இரவு எட்டு மணி. ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டம். நடுவில் ஒரு செம்மண் பாதை... அதில் ஒரே ஒரு கார்.

ஓட்டியவர் நம் மேனுகாவின் சித்தப்பா வாகீசன். இதோ, மேனுகா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். தப்பாகச் சொன்னால் திருத்துவாள். சித்தப்பாவுக்கு சிராங்கூனில் வீடு. ஏற்றுமதிக்குப் பாமாயில் தரும் தோட்டங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது வேலை. அன்று மருந்து அடிக்கும் பெண்கள் அவரிடம் சொன்னார்கள்... களைக்கொல்லியால் மூக்கில் ரத்தம் வருகிறது, ஓடையில் மீனே இல்லை. அவர் பக்கத்தில் நின்ற தோட்ட மேலாளரின் முகத்தைப் பார்த்தார். ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

தோட்டத்துக் கேட்டுக்குப் பத்து நிமிடம்தான். அரை மணி நேரமாயிற்று... கேட் வரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள். போனில் சிக்னல் இல்லை. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. கண்ணாடியை ஏற்றியிருந்தும் மருந்து நெடி தொண்டைக்குள் இறங்கியது. அப்புறம் அந்தச் சத்தம்... கிர்ச்... கிர்ச்... கைப்பம்பு அடிக்கும் சத்தம்.

கார் வெளிச்சத்தில் ஒரு பெண். முதுகில் மருந்துத் தொட்டி. வாகீசன் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார்.

“கேட்டுக்கு எப்படிம்மா போறது?”

“இந்த ரோடு வெளிய போகாது சார். நாலு வருஷமா நானும் நடந்து பாக்குறேன்.”

காரை விரட்டினார். மறுபடியும் அதே பெண். மறுபடியும்... பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டு, கார் நின்றுபோனது. அவள் ஜன்னலருகே குனிந்தாள்.

“எங்க பேரையாவது எழுதிக்குங்க சார்.”

முதலில் தன் பெயரைச் சொன்னாள். பிறகு நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக. ஒரு தாளில் எழுதினார். பதினோரு பெயர்கள். நிமிர்ந்தபோது... விடிந்திருந்தது. பத்தடி தூரத்தில் கேட், திறந்தபடி.

கேட்டிலிருந்த காவலாளி அந்தத் தாளை வாங்கிப் படித்தார். “இவங்கல்லாம் மருந்து அடிச்சவங்க சார். செத்துப் போயிட்டாங்க. ஆனா கடைசிப் பேரு... பவுனம்மா உயிரோடதான் இருக்காங்க.”

வாகீசன் தன் அறிக்கையை எடுத்து அங்கேயே கிழித்தார். அதற்குள் பெண்கள் வேலைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். “இதுல பவுனம்மா யாரு?” என்று கேட்டார். தன் பெயர் காதில் விழுந்து ஒருத்தி நின்றாள். மூக்கில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

“நான்தான் சார் பவுனம்மா. எதுக்குக் கேக்குறீங்க?”