பார்க்காமல் எழுதிய ஒரு ‘பார்த்தேன்’

மேடையில் இருக்கும் மெஹபூப் அலி ஐயாவுக்கும், என் தம்பியோடு கம்ப்யூட்டரில் வேலை செய்த பிள்ளைகளுக்கும், இன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வந்திருக்கும் பட்டினப்பாக்கம் சனங்களுக்கும் வணக்கம். நான் கிளிஃபர்டின் அக்கா அல்போன்சா. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். மூன்றாவதோடு படிப்பு நின்றுபோனது. தப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் நினைவுக் கூட்டத்தில் எல்லாரும் கிளிஃபர்ட் சார் என்றீர்கள். அந்த சார் என்ன வேலை பார்த்தார்? கடலில் காற்று எவ்வளவு என்று படகுக்காரர்களுக்குச் சொல்கிற ஆப் ஒன்று. யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உள்ளே எழுதியிருப்பது கலைந்து கிடந்தால் யாராவது ஒழுங்காக அடுக்கி அனுப்புவார்கள். அதைச் சரிபார்ப்பது என் தம்பி. “கூடையில மீனை மாத்தி அடுக்குற இல்லக்கா? அடுக்கின அப்புறமும் அதே மீனு, அதே எடை இருக்கணும். அதத்தான் பாக்குறேன்” என்பான். வரி வரியாகப் பார்த்தான். பத்து வருஷம் சம்பளமில்லாமல் பார்த்தான். முழுக்கப் பார்த்த பிறகுதான் அடியில் ‘பார்த்தேன்’ என்று எழுதுவான்.

ஒரே ஒரு முறை பார்க்காமல் எழுதினான்.

போன வருஷம், என் மகள் ரெனிட்டா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று. எல்லாரும் கோயிலில் காத்திருக்க, இவன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன்.

“இன்னும் நானூறு வரி கீதுக்கா.”

“நாலு இன்னா, நானூறு இன்னா? ஓகே போட்டுட்டு வாடா. சாமியார் நின்னுக்கினு கீறாரு.”

எழுதினான், மூடினான், வந்தான்.

அடுக்கியதில் ஒரு கணக்கு மாறியிருந்தது. மறுநாள் ஆப் காற்றைப் பாதியாகக் காட்டியது. நம்பிப் போன கோபால் அண்ணன் படகு கவிழ்ந்தது. நீந்திக் கரையேறினார், இதோ முன்வரிசையில் இருக்கிறார். எங்கெங்கோ இருப்பவர்கள் தம்பியைத் திட்டி எழுதினார்கள். ‘தப்பு என்னுடையது, பார்க்காமல் எழுதினேன்’ என்று மட்டும் பதில் போட்டான். யார் அவசரப்படுத்தியது என்று எழுதினானா? என்னிடமாவது சொன்னானா? ஏன்டா சாப்பிட மாட்டேங்கிற என்று அதற்கும் அவனைத்தான் திட்டினேன்.

நெஞ்சுவலியில் அவன் போய், ஏழாம் நாள் செபத்துக்கு வந்த, அவனோடு ஆப் வேலை செய்த காஷிஃப் தம்பிதான் அந்தப் பதிலையும், அவன் பார்க்காமல் எழுதிய தேதியையும் படித்துக் காட்டினார். ரெனிட்டாவின் புதுநன்மைத் தேதியை நான் மறப்பேனா?

காஷிஃப் தம்பி, அந்தப் பதிலுக்கு அடியில் எழுதுங்கள்: அவசரப்படுத்தியது அக்கா அல்போன்சா. கோபால் அண்ணே, நீங்கள் என்னைத்தான் கேட்கவேண்டும், அவனை அல்ல.

அடுக்கி அனுப்பியதில் அவன் பார்க்காமல் விட்டுப்போனது இன்னும் முப்பத்தொன்று இருக்கிறதாம். பார்க்க வருகிறவர்களுக்கு அவன் மேசை இருக்கிறது. சாப்பாடு நான் போடுகிறேன். ஆறினால் ஆறட்டும், கடைசி வரி வரைக்கும் பாருங்கள். நான் வாசலில் நின்று கூப்பிட மாட்டேன்.