சர்க்கார் பயந்த காலம்

ரேணிகுண்டா பாசஞ்சரில் புத்தூரில் ஏறிய இரண்டு விவசாயிகள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவர் கையில் எலும்பு முறிவுக்குப் போட்ட புதுக்கட்டு. மெட்ராஸ்-ஆந்திரா எல்லைத் தகராறு தீர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன.

"சர்க்காரே நம்மளப் பாத்து பயந்துக்கினு இருந்துச்சே, அது ஒரு காலம் மாமா," என்றார் அவர்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எப்ப மாப்ள?"

"நம்ம ஊரு மெட்ராசுக்கா ஆந்திராவுக்கான்னு முடிவாவாம கெடந்தப்ப. தாசில்தாரு நம்ம களத்துல உக்காந்து கேவுரு கூழு குடிச்சாரே!"

"ஆமாம்பா. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டதும் அப்பத்தான். ரெண்டு பக்கத்து ஆளுங்களும் மாறி மாறி வந்து, இன்னா வேணும்னு கேட்டுக்கினே இருந்தாங்க."

"எங்க நாம அந்தப் பக்கம் பூடுவோமோன்னு பயம்."

"போன வாரம் அதே தாசில்தார் ஆபீசு வாசல்ல நாள் பூரா நின்னேன். இன்னா வேணும்னு கேக்க ஒரு நாதியில்ல."

"எல்லைக்கல்லு நட்டாங்க. அவங்க பயம் தெளிஞ்சி போச்சு."

இருவரும் சிரித்தார்கள். அப்போது டிக்கெட் பரிசோதகர் பெட்டிக்குள் வந்தார். இருவரிடமும் டிக்கெட் இருந்தது. ஆனாலும் மாமா சட்டென்று எழுந்து தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மாப்பிள்ளைக்குக் கட்டுப்போட்ட கை எழவில்லை. அவருடைய துண்டையும் மாமாவே எடுத்துவிட்டார்.