கீழே பார்ப்பவர்களின் கறுப்புக் கண்ணாடி

பார்வை மங்கியோருக்குப் பார் விளங்கச் செய்யும் கண்ணாடிக் கடையினர் சங்கத்தின் தலைவர் அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தாய்மார்களே! வணக்கம்.

கறுப்புக் கண்ணாடி அழகுக்கு வந்ததா? ஆடம்பரத்துக்கு வந்ததா? என் கையில் இருக்கும் இந்தத் துளி வடிவ விமானிக் கண்ணாடி ஆகாயத்தில் பறந்தவர்களின் அவசியத்துக்கு வந்தது ஐயா! அன்றைய விமானிகள் கண்ணைச் சுற்றி இறுக மூடும் கனத்த கண்ணாடி அணிந்தார்கள். அது உள்ளே வேர்த்து மங்கியது. ஆகவே மெல்லிய கம்பியில் இது பிறந்தது. ஏன் துளி வடிவம்? குனிந்து கருவிகளைப் பார்க்க! கண் தாழ்ந்தால் கண்ணாடியும் தாழ வேண்டாமா?

அதோ, மூன்றாம் வரிசையில் என் துணைவியார். கட்டடம் எழும்பும் இடத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறார். நான் கீழே நின்று கைகாட்டும் சிக்னல்காரன். என்ன சிரிப்பு? உங்கள் வீட்டில் மட்டும் யாராம் மேலே?

வெயிலில் அவருக்குக் கண் கூசி நீர் வழிந்தது. "கண்ணு சரியாகலைன்னா வேற ஆளைத்தான் ஏத்தணும்மா" என்று சொல்லிவிட்டார் மேற்பார்வையாளர். அந்த இருக்கைக்காகத் துணைவியார் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

துணைவியாரின் தம்பிதான் உங்கள் சங்கப் பொருளாளர். அக்கா மேல் உயிர்! தன் கடையிலேயே விலை உயர்ந்த, கூசும் ஒளியை வடிகட்டும் போலரைஸ்டு கண்ணாடியைத் தூக்கிக் கொடுத்தார். மறுநாள் வயர்லெஸ்ஸில் ஒரு குரல்: "என்னங்க, எடை காட்டுற திரை கறுப்பாயிடுச்சு. ஒண்ணுமே தெரியல!"

"கண்ணாடியக் கழட்டிப் பாரு!"

"இப்பத் தெரியுதுங்க!"

அந்த வகைக் கண்ணாடியில் சில திரைகள் இருண்டுபோகும். விமானிகளும் அதைத் தவிர்ப்பதுண்டு. அக்காவுக்கு என்றதும் பொருளாளருக்கு விலைதான் நினைவுக்கு வந்தது, கிரேனின் திரை நினைவுக்கு வரவில்லை! பதறி ஓடிவந்தார்.

"மாமா, சாதா நிறம் ஏத்துன விமானிக் கண்ணாடி இருக்கு. ஆனா பழைய மாடல், பெரிசு. அக்கா மூஞ்சில பாதியை மறைச்சிடும்."

"மறைக்கட்டும் மாப்ளே! அவ மூஞ்சிய நான் வீட்டுல பாத்துக்கிறேன். எனக்குப் பக்கத்துல எறங்குற கம்பிக்கட்ட அவ பாக்கட்டும்!"

மறுநாள் அதை மாட்டிக்கொண்டு துணைவியார் ஏறினார்; மேற்பார்வையாளர் என் அருகிலேயே நின்றார். கம்பிக்கட்டு பூப்போல வந்து அமர்ந்தது. "நாளைக்கும் நீங்களே ஏறுங்கம்மா" என்று வயர்லெஸ்ஸில் சொன்னார் மேற்பார்வையாளர். எனக்குத்தான் கண்ணில் நீர்!

கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியும்! அவ்வளவு உயரத்திலிருந்து அந்தக் கண் முதலில் தேடுவது என்னை. நான் ஒதுங்கி நிற்கிறேன் என்று கண்ட பிறகுதான், அன்பர்களே, அந்தக் கொக்கியே இறங்கும்!

மேடை தந்த சங்கத்துக்கும், கடிகாரத்தை மறந்த தாய்மார்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!