சகாயராணியின் இருபது பதில்கள்

என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். வில்லியனூர் பக்கத்தில் எங்கள் பெண் பிள்ளைகள் இல்லத்தில் படிவம் நிரப்பும் வேலை என்னிடம் வந்ததற்கு அதுதான் காரணம். விசாரணைக்கென்று உங்கள் மேசைமேல் இருக்கும் முப்பத்தொரு படிவங்களும் நான் எழுதியவைதான். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் ரோஸ்லின் என்று ஒரு கவுன்சலர் வந்தாள். படித்து முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பதினெட்டு வருஷ வார்டனான எனக்கு வகுப்பெடுத்தாள். வீட்டில் அடிபட்டு வந்த பிள்ளைகளின் மனதில் அந்தப் பயம் இன்னும் தங்கியிருக்கிறதா என்று பார்க்க இருபது கேள்விகள். கெட்ட கனவு வருகிறதா, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறதா, இப்படி. இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று. மொத்தம் முப்பதைத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் சொல்லும்வரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

"புள்ளைங்க இன்னா சொல்லுதோ அத்த அப்படியே எழுதுங்க மேடம்" என்றாள். அதற்கு ஒரு வார்டன் எதற்கு?

நெட்டப்பாக்கத்துச் சகாயராணிக்குப் பதினான்கு வயது. தாய் தகப்பன் இல்லை. சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். தூங்கும்போதும் செருப்பைக் கழற்ற மாட்டாள். கேட்டால், ஓடுவதற்கு வசதியாம். திமிர்.

கெட்ட கனவு என்றதும் "தினமும்" என்றாள்.

"தினமுமா? ஞாயித்துக்கிழமகூடவா? கறிசோறு துன்னுட்டு நல்லாத்தான தூங்குற?"

"பல நாளு, மேடம்."

"பல நாளுன்னா எத்தினி நாளு? எண்ணிச் சொல்லு."

"இல்ல மேடம்."

சந்தையில் கடைக்காரி சொன்ன விலைக்கு நான் கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை. இருபது கேள்விக்கும் அப்படித்தான் பேரம் பேசினேன். பத்தாவதுக்குப் பிறகு அவளாகவே இறங்கி வந்துவிட்டாள். மொத்தம் பூஜ்யம்.

சித்தப்பா அழைத்துப்போக வந்த காலையில் என் அறை வாசலில் நின்றாள்.

"இன்னொரு தபா கேளுங்க மேடம். இந்தத் தபா கரெக்டா சொல்றன்."

படிவம் ஒரு முறைதான் என்றேன். அவள் முதுகில் சூடு வைத்தவர் அந்தச் சித்தப்பாதான் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய கோப்பில் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இனி அடிக்க மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். பெரிய மனிதர் எழுத்தை நம்பாமல் இவள் கனவை நம்பச் சொல்கிறீர்களா? ஒருத்தியை டாக்டரிடம் அனுப்பினால் மறுநாளே மற்ற முப்பது பேரும் கனவு காண்பார்கள்.

வீட்டுக்குப் போன பன்னிரண்டாம் நாள் இரண்டு கையும் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். ரோஸ்லின் கட்டிலருகே உட்கார்ந்து அதே படிவத்தை எடுத்தாளாம். முதல் கேள்வியை வாசிக்குமுன்பே சகாயராணி இல்லை, இல்லை என்று இருபது முறை சொல்லி முடித்துவிட்டாளாம். ரோஸ்லின் அழுதாள் என்கிறீர்கள்.

அழ என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அந்த ரோஸ்லினே கேட்கப் போயும் பூஜ்யம்தானே வந்திருக்கிறது. நான் போட்ட மதிப்பெண் சரி.