டூஹி அவர்களின் மடிக்கணினியும் அட்ராக்டாவின் டேப்லெட்டும்

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் யூனன் கேரபைன் அவர்களே! அவருக்கு வலப்புறம் பொறுமையோடு வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! இடப்புறம் பொறுமையிழந்து வீற்றிருக்கும் வட்டார மன்ற அதிகாரி ஃபின்டன் டூஹி அவர்களே! உள்ளே தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் தாய்மார்களே! நாற்காலிகள் காலியாகக் கிடந்தும், பூசையில் நிற்பதுபோலவே பின்சுவரோடு ஒட்டி நிற்கும் ஆண்மக்களே! கில்காரோ நகரத்துப் பெரியோர்களே! அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். "டெவேனி வீட்டு அம்மாவுக்குக் கம்ப்யூட்டர்னாலே பயம். அதான் டேப்லெட்டப் பாத்துக் குதிக்குது" என்று இறைச்சிக் கடை வரிசையிலும் பேசுகிறார்கள், கல்லறைத் தோட்டத்து வாசலிலும் பேசுகிறார்கள். பயமா? எனக்கா? கன்னியர் மடத்துப் பள்ளியை முடித்த கையோடு, டப்ளினில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினி அறையில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். அந்தக் கணினி இந்த மண்டபத்தில் பாதியை அடைக்கும். அட்டையில் துளையிட்டு அதற்கு ஊட்டினோம். ஒரு துளை பிசகினால் ஒரு கிளையின் கணக்கே பிசகும். என் கையில் பிசகியதில்லை. கல்யாணமானால் பெண்கள் வேலையை விட வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. அதனால் வந்தேன், அஞ்சி வரவில்லை.

இன்னொரு திருத்தம். நான் டேப்லெட்டுக்கு எதிரியும் அல்ல. மன்றம் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த அந்த மலிவு டேப்லெட், என் சமையலறையில் ரொட்டிப் பெட்டிமேல் சாய்ந்து நிற்கிறது. காலையில் மரண அறிவிப்புகளை அதில்தான் படிக்கிறேன். பாஸ்டனில் என் தங்கையை அடக்கம் செய்தபோது அந்தப் பூசையை அதில்தான் கண்டேன். முழங்காலிட்டே கண்டேன்.

பின்னால் யார் அது? பாக்கி லாஃப்டஸா? "குதிரைப் பந்தயமும் அதுல தெரியுது, மிஸஸ் டெவேனி" என்கிறாயா? தெரியும்ப்பா. நீ ஜெயிச்சதுதான் எதுலயும் தெரியல. சும்மா நில்லு.

பிறகு எதற்கு இந்தச் சண்டை? டூஹி அவர்கள் ஓர் அறிக்கை எழுதினார். "கில்காரோவில் இப்போது எல்லா வீட்டிலும் கணினி இருக்கிறது" என்றார். ஆகவே நூலக மாடியில் உள்ள பொதுக் கணினி அறை இனித் தேவையில்லையாம். வரும் வெள்ளிக்கிழமை அதை மூடிவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போகிறார்களாம். நாற்காலிகள்! உட்கார ஆளில்லாத நாற்காலிகள்!

அந்த அறையில் மாலைதோறும் அமர்ந்து படிக்கும் ஒருத்தியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அட்ராக்டா கில்மார்ட்டின். உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டியவர் யார்? உங்கள் அப்பாவைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைத்தவர் யார்? என் கணவர் மாலக்கி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தவர் யார்? அவள்தான்! தூக்கித் தூக்கி அவள் இடுப்பு போயிற்று. இனி யாரையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே கணக்கியல் படிக்கிறாள். அடுத்த வாரம் இணையவழித் தேர்வு. தேறினால் மீனவர் கூட்டுறவு அலுவலகத்தில் வேலை. தேறாவிட்டால் மறுபடியும் தூக்க வேண்டும், அல்லது முடங்கிக் கிடக்க வேண்டும்.

"அறைய மூடினா என்ன, டேப்லெட்ல எழுதிக்கிறேன் மிஸஸ் டெவேனி" என்று சொல்லி, என் சமையலறை மேசையில் வைத்து மாதிரித் தேர்வைத் தொட்டாள். திறந்ததா? "இந்தச் சாதனத்தில் தேர்வு எழுத இயலாது. கணினியைப் பயன்படுத்தவும்" என்று வந்தது. அந்தப் பக்கத்தின் நெற்றியில் யாருடைய சின்னம்? நம் மன்றத்தின் சின்னம்! உடனே மன்றத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டேப்லெட்டா? அதுல முடியாதுங்க. கம்ப்யூட்டர் வேணும்."

"இதுதான் கம்ப்யூட்டர்னு நீங்கதானே தம்பி குடுத்தீங்க?"

"அது மாடி ஆபீஸ் குடுத்தது. நாங்க கீழ் ஆபீஸ்."

"ஒரே கட்டடம்தானே?"

"கட்டடம் ஒண்ணுதாங்க. லிஃப்ட்டுதான் வேலை செய்யல."

சிரிக்கிறீர்கள். எதிரே அவள் அழாமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். மாடியில் இருக்கும்போது அது கணினி! படியிறங்கி வந்தால் கணினி இல்லை! நடுப்படியில் அதற்கு என்ன நோய் கண்டது?

டூஹி அவர்கள் என்னிடம் சொன்னார், "அதுக்குள்ளயும் அதே மூளைதாங்க இருக்கு" என்று. உண்மை. அட்டை தின்ற என் பழைய பூதத்தைவிட இதற்கு மூளை பெரிது. ஆனால் அந்தப் பூதம் நாங்கள் இட்ட வேலையைச் செய்தது. இதுவோ, மன்றம் அனுமதித்த நாலைந்து வேலைகளைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காது. விசைப்பலகை கிடையாது. வேண்டிய மென்பொருளை ஏற்ற உரிமை கிடையாது. பார்க்கலாம், கேட்கலாம், தொடலாம், தடவலாம். ஒன்றை ஆக்க முடியாது. கரண்டியும் இரும்புதான், மண்வெட்டியும் இரும்புதான். அதற்காகக் கையில் கரண்டியைக் கொடுத்து, சதுப்பில் இறங்கி அடுப்பெரிக்க எரிமண் வெட்டு என்பீர்களா? கரண்டிமேல் எனக்குக் கோபமில்லை. கொடுத்தவர்மேல் இருக்கிறது!

டூஹி அவர்களே, உங்கள் முன்னால் விரித்து வைத்திருப்பது என்ன? மூடாதீர்கள், மூடாதீர்கள், எல்லோரும் பார்க்கட்டும். மடிக்கணினி. மிக நல்லது. அட்ராக்டா, எழுந்து வா. உன் டேப்லெட்டை ஐயா முன்னால் வை. இரண்டும் கணினி என்பது உங்கள் எழுத்து, ஐயா. அப்படியானால் தேர்வு முடியும்வரை இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

என்ன? "இதுல ஆபீஸ் வேலை இருக்குங்க, டேப்லெட்ல செய்ய முடியாது" என்கிறீர்களா? ஒலிவாங்கியில் சொல்லுங்கள் ஐயா, பின்சுவர் வரைக்கும் போகட்டும். "வேணாம் மிஸஸ் டெவேனி, நல்லாவே கேட்டுச்சு" என்கிறான் பாக்கி. மகிழ்ச்சி.

அவருக்கு முடியாதது அவளுக்கு எப்படி முடியும்? அவருடைய அலுவலுக்கு ஆகாதது அவளுடைய வாழ்வுக்கு எப்படி ஆகும்? மேசைக்கு அந்தப் பக்கம் முழுக்கருவி, இந்தப் பக்கம் அரைக்கருவி, இரண்டுக்கும் ஒரே பெயரா? ஒரு பெயரைச் சொல்லி ஓர் அறையைப் பூட்டுகிறவர், அந்தப் பெயர் மெய்யா என்று பார்த்திருக்க வேண்டாமா? நாங்கள் கருணை கேட்கவில்லை. கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறோம்! நம்மைத் தூக்கியவளை நாம் கீழே போடப் போவதில்லை!

நெடுநேரம் செவிசாய்த்த உங்களுக்கும், தேநீரை ஆறவிட்டு நின்ற தாய்மார்களுக்கும் என் நன்றி. இந்த மாலை உங்களுக்கு இனிதாகட்டும்.

டூஹி அவர்களே, கேள்வி ஒன்றுதான். அட்ராக்டா தேர்வு எழுதும் நாளில் அந்த அறை திறந்திருக்குமா, திறந்திருக்காதா? இப்போது வாயால் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு முன்பு, உங்கள் கையொப்பத்துடன், எழுத்தில் பதில் அனுப்புங்கள்.