இன்டர்வியூவுக்கு வந்த அப்பா

— முதல்ல கையக் கழுவிட்டு வாங்க. கிரீஸ் எல்லாம் கதவுல ஒட்டுது.

— ஒட்டட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லு. இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?

— அதான் சொன்னேன்ல. சீட்டுக்கான ரெண்டாவது பரீட்சை. சிட்டு நல்லா எழுதியிருக்கா.

— நீ எங்க இருந்த?

— கேட்டுக்கு வெளியதான். பெத்தவங்கள உள்ள விடல.

— அடப் பாவமே, வெயில்ல நின்னியா. சரி, இப்ப நான் சொல்றேன், கேட்டுக்கோ. காலையில ஒம்பதரைக்கு எங்க சூப்பர்வைசர் போன் பண்ணாரு. ஒரு ஸ்கூல்ல லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிச்சு, வழக்கமா அங்க போற மெக்கானிக் லீவு, நீ ஓடுன்னாரு. எந்த ஸ்கூல்னு கேட்டேன். பேரச் சொன்னதும் எனக்குக் கால் தரையில நிக்கல. நம்ம புள்ள அங்கதானே எழுதிட்டிருக்கு, முடிச்சுட்டு வரும்போது ஒரு ஜூஸ் வாங்கிக் குடுக்கலாம்னு ஓடினேன்.

— என்னங்க...

— குறுக்க பேசாத. லிஃப்ட் பெட்டி மேல குத்தவச்சு உக்காந்து வேலை பாத்துட்டிருந்தேன். மூணாவது மாடிக் கதவு ஒரு சாண் தெறந்திருந்துச்சு. வராந்தாவுல அப்பா, அம்மா, புள்ளன்னு வரிசையா நாற்காலி. முதல்ல ஒரு ஜோடி ஷூ தெரிஞ்சுது, தலை சீவிக்கலாம்போலப் பளபளன்னு. உன் தம்பி ஷூ. பக்கத்துல உன் பச்சைச் சேலை. நடுவுல சிட்டு. ஃபைலும் கையுமா ஒரு மேடம் வந்து, இவர்தான் உன் அப்பாவான்னு கேட்டாங்க. என் பொண்ணு நிமிந்து அவனப் பாத்தா. அப்புறம், ஆமா மிஸ்ஸுன்னா.

— அவ்வளவு தூரத்துல உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது.

— சத்தத்த வச்சே எந்தப் பேரிங் போயிருக்குன்னு சொல்றவன் நான். என் பொண்ணு குரல் எனக்குக் கேக்காதா?

— கோவம் வந்திருந்தா அங்கயே கத்தியிருக்கலாமே.

— கத்தியிருந்தா அத்தன பேர் முன்னாடி புள்ள மானம் போயிருக்கும். அந்தக் கதவ நானே இழுத்து மூடினேன். வேலைய முடிச்சேன். மேல மோட்டார் ரூமுக்குப் போயி ஓட்டிப் பாத்தேன். கொஞ்ச நேரத்துல லிஃப்ட் மூணாவது மாடியில நின்னு, கிளம்பி, நேரா கீழ போச்சு. உள்ள யாருன்னு எனக்குத் தெரியும். கயிறு ஓடறதப் பாத்துட்டே நின்னேன். நான் சரி பண்ண லிஃப்ட்ல என் குடும்பம் இன்னொருத்தனோட இறங்கிப் போகுது.

— இன்னொருத்தன் இல்ல, என் தம்பி. புள்ளைக்குத் தாய்மாமன்.

— தாய்மாமன் தாய்மாமனா வந்திருந்தா நானே நாற்காலி போட்டிருப்பேன்.

— படிவத்துல உங்க பேருதான் இருக்கு.

— பேரு என்னுது, மூஞ்சி அவனுது. நல்லா இருக்குடி நியாயம்.

— நியாயமா? நியாயம் பேசினா நானும் பேசுவேன். மூணு ஸ்கூல் வாசல்ல ஏறி இறங்கினது யாரு? ஒண்ணுல, அப்பா அம்மா ரெண்டு பேரும் டிகிரி முடிச்சிருக்கணும்னு படிவமே குடுக்கல. இன்னொண்ணுக்குப் போன வருஷம் உங்களக் கூட்டிட்டுப் போனேன். வீட்டுல யாரு பாடம் சொல்லித் தருவாங்கன்னு கேட்டதுக்கு, நான் பத்தாவதுல ரெண்டு தடவ கோட்டை விட்டவன், அவதான் எனக்குச் சொல்லித் தரணும்னு சிரிச்சீங்க. அங்க வேற யாருமே சிரிக்கல.

— உள்ளதச் சொன்னேன்.

— உள்ளதச் சொல்றவங்களுக்கு அங்க சீட் இல்ல. நான் ஜெராக்ஸ் கடையில நாள் பூரா நின்னுட்டு, பழைய கேள்வித்தாள் எவன் கொண்டு வந்தாலும் கெஞ்சி ஒரு காப்பி எடுத்துட்டு வந்து அவள எழுத வச்சேன். எல்லாத்தையும் நீங்க ஒரு சிரிப்புல ஊத்தி மூடிட்டு வந்தீங்க.

— நான் சும்மாவா இருந்தேன்? ஆறு மாசமா காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி உக்கார வச்சது யாரு? விகிதக் கணக்கு இவளுக்கு வராதுன்னு டியூஷன் சார் கைய விரிச்சப்ப, மோட்டார் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி, கயித்துக்கு இந்தப் பக்கம் பெட்டி, அந்தப் பக்கம் வெயிட், எத்தன பேரு ஏறினா சமமாகும்னு காட்டினது யாரு? பளபள ஷூக்காரனா?

— நீங்கதான். நான் இல்லன்னா சொன்னேன்?

— விகிதம் சொல்லித் தர நான் வேணும். நாற்காலியில உக்கார அவன் வேணும். சரி, ஒண்ணு பண்றேன். நாளைக்குக் காலையில குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு அந்த ஃபைல் மேடத்தப் பாக்கப் போறேன். நான்தான் அப்பன்னு சொல்றேன்.

— சொன்னா அந்த நிமிஷமே சீட்டு போயிடும்.

— போகட்டும்.

— போகட்டும்னு சொல்ல அது உங்க சீட்டு இல்ல, அவளுது. என் மேல கோவமா, என்னத் திட்டுங்க. நாலு நாள் பேசாம இருங்க. அந்த வாசப்படிய மட்டும் மிதிச்சுடாதீங்க.

— அப்ப இத மட்டும் சொல்லு. இது யாரோட யோசனை?

— என்னோடதுதான்.

— பன்னெண்டு வருஷமா உன்னப் பாக்கறேன். பொய் சொன்னா முந்தானையச் சுருட்டுவ. இப்பவும் சுருட்டிட்டு நிக்கற. உன் தம்பி யோசனைதானே?

— இல்லங்க. அதான் என்னோடதுன்னு சொல்றேன்ல.

— அவன் ஆபீஸ்ல மேனேஜர் ஆனதுலேருந்தே இப்படித்தான். போன மாசம் வந்தப்ப, இந்த யூனிஃபார்மோட எல்லா இடத்துக்கும் போவீங்களா மச்சான்னு சிரிச்சுட்டே கேட்டான். விளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன். இன்னைக்குப் புரியுது. அந்தப் போன எடு.

— வேண்டாம். அவன் மேல ஒரு தப்பும் இல்ல.

— எடுன்னேன். என் பொண்ணு வாயால வேற ஒருத்தன அப்பான்னு சொல்ல வச்சவன்கிட்ட நாலு வார்த்தை கேக்கணும். இனிமே இந்த வீட்டு வாசல்ல அவன் கால் வச்சா...

— கெஞ்சிக் கேக்கறேன், விடுங்க. பாருங்க, நீங்க போட்ட சத்தத்துல அவளே எந்திரிச்சு வந்துட்டா. சிட்டு, நீ உள்ள போடா. அப்பாவும் நானும் பேசிக்கறோம்.

— இல்லம்மா, நான் சொல்லிடறேன்.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். உள்ள போ.

— அவள விடு. நீ வா கண்ணு. உன் மேல எனக்குக் கோவமே இல்ல. பெரியவங்க சொல்லிக் குடுத்தத நீ சொன்ன, அவ்வளவுதான். யாரு சொல்லச் சொன்னாங்க? மாமாவா?

— மாமா வர மாட்டேன்னுதான் சொன்னாருப்பா. அம்மா அழுதாங்க. நீங்க வந்தா நான் இன்டர்வியூவுக்கே வர மாட்டேன்னு சொன்னது நான்தான்.